என் கை செய்யாத தப்பு

கன்னம் தரையில் இருந்தது. வாய்க்குள் மண். கண்ணுக்கு நேரே ஒரு கட்டெறும்பு, என்னைச் சுற்றிப் போவதா, மேலே ஏறிப் போவதா என்று யோசித்துக்கொண்டு நின்றது. பின்னால் எங்கேயோ என் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. சக்கரம் மட்டும் இன்னும் டிக்டிக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது.

வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது குழப்பம். நான் பிடித்தது பின் பிரேக். நின்றது முன் சக்கரம். சைக்கிள் சடக்கென்று நின்றுவிட, நான் மட்டும் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து வந்து சரளைக் கல்லில் விழுந்திருக்கிறேன். எப்படி?

சீத்தாப்பழச் செடிகளுக்கு நடுவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தாள். "ஐயோ சாமி, பெரியவரு வுழுந்துட்டாரு! யாராவது வாங்களேன்!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். தோள்பட்டை உடைந்து கிடக்கிற அந்த நேரத்திலும் 'பெரியவரு' என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் காலை வரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருக்கும் கன்னியப்பன்தான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தான். பத்து வருடத்துக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் கடையில் டீ குடிப்பவன் நான். என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, "இன்னா சார், சிங்கம் மாதிரி எறங்குவியே, இன்னாச்சு?" என்றான்.

"பிரேக்கு மாத்திப் புடிச்சிட்டேன் போலக்குதுப்பா" என்றேன்.

நானே சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

இடது முன், வலது பின்

போன வாரம் இந்தப் பத்தியில், ஆர்.கே.பேட்டை சாலையில் நாய் துரத்திய கதையை எழுதினாலும் எழுதினேன், ஆளாளுக்குப் போன் போட்டுச் சிரிக்கிறார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர், "நாய்க்கு ஒண்ணும் ஆவலியே சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். இந்த வாரம் அவருக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. கசப்பான விஷயம். எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுவது மலைச் சைக்கிள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், கல்லிலும் பள்ளத்திலும் இறங்குவதற்கென்றே செய்தது. ஐம்பது வயதுக்கு மேல்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்கு வேலையாக வந்திருந்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர், ஊருக்குத் திரும்பும்போது என்னிடம் விட்டுப்போன சைக்கிள் அது. அவர் வீட்டுக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்த பழக்கம்.

அந்த வண்டியில் ஒரு விசேஷம். நம் ஊரில் ஸ்கூட்டர், பைக் எல்லாவற்றிலும் வலது கைப் பிடி முன் சக்கரத்தை நிறுத்தும். சைக்கிளிலும் அப்படித்தான். அவர்கள் ஊர் வழக்கம் தலைகீழ். இடது கை முன் சக்கரத்துக்கு, வலது கை பின் சக்கரத்துக்கு. நான் மலை இறங்கக் கற்றுக்கொண்டதே அந்த வண்டியில்தான் என்பதால், என் விரல்கள் அப்படியே பழகிவிட்டன. ஸ்கூட்டரில் ஏறினால் தானாக மாறிக்கொள்ளும். "கொழம்பாதா சார்?" என்று கேட்பார்கள். வீட்டுக்குள் வெறுங்காலில் நடக்கிறவன் தெருவில் செருப்புப் போட்டால் தடுக்கியா விழுகிறான்?

செங்குத்தான சரளை இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. தொட்டால் சக்கரம் அங்கே நிற்கும், நீங்கள் மட்டும் பயணத்தைத் தொடர்வீர்கள். உடம்பைப் பின்னால் தள்ளி, இருக்கைக்கும் பின்னால் தொங்கினாற்போல உட்கார்ந்து, வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் பின் பிரேக்கை மெல்ல இழுத்து இழுத்து விட வேண்டும். கே.ஜி.கண்டிகைக்குப் பின்னால் இருக்கும் அந்த மொட்டைக் குன்றில், உச்சியிலிருந்து ஆட்டுத்தடம் வழியாக இறங்கும் இடம் அப்படிப்பட்டது. நான் அதற்குக் கழுதை முதுகு என்று பெயர் வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன் என்று சொன்னால் பொய். ஆனால் பயந்துகொண்டு இறங்கியதில்லை.

ஊரில் இதையெல்லாம் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறை ஏறுகிறவனைப் பார்த்தால் திருத்தணிக்காரர்களுக்கு ஒன்றுதான் தோன்றும். "இன்னா வேண்டுதல் சார்?" என்பார்கள். ஒரு ஆடிக்கிருத்திகை சமயம், வெளியூர்க் காவடிக் கூட்டம் ஒன்று வழிவிட்டு ஒதுங்கி எனக்கு அரோகரா போட்டது. நானும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

கம்பத்து மேலே

இங்கே கொஞ்சம் பழைய கதை. கையைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, ஃபோர்மேனாக வெளியே வந்தவன். எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம். ஏர் பிடிக்க அண்ணன்கள் இருந்ததால் என்னைக் கம்பம் ஏற அனுப்பினார்கள். புயல் மழையில் நந்தி ஆற்றோரம் கம்பம் சாய்ந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கம்பத்து மேலே போனால் பேச்சு இல்லை. எந்தக் கை எதைத் தொடுகிறது, மற்ற கை எங்கே இருக்கிறது, இது மட்டும்தான். சேர்ந்த புதிதில் என்னோடு ஏறிய ஒருவன், இடது கையை ஒரு கணம் மறந்தான். அவனைக் கயிறு கட்டி இறக்கினோம். அவன் சம்சாரம் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அத்தனை வருடத்தில் என் கை ஒரு தடவைகூட மாறிப் போனதில்லை. எனக்குச் சொத்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது. படிப்பு கிடையாது, பேச்சுச் சாமர்த்தியம் கிடையாது. கை மட்டும் சொன்னபடி கேட்கும்.

பிரபு கொடுத்த பரிசு

என் மகன் பிரபு சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நல்ல பையன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அறுபது தாண்டிய சமயம் அவன் வந்தான். "நைனா, உங்க சைக்கிள ஒரு தபா நல்ல கடையில குடுத்து சர்வீஸ் பண்ணித் தரேன். என்னோட பரிசு" என்றான். அதுவரை அந்த வண்டியில் வேறு யார் கையும் பட்டதில்லை. சங்கிலிக்கு எண்ணெய் விடுவதிலிருந்து எல்லாம் நானேதான். ஆனால் பிள்ளை ஆசையாகக் கேட்கிறான். அந்தச் சைக்கிளை அவன் ஒரு பொருட்டாக மதித்ததே அதுதான் முதல் தடவை. கொடுத்தேன்.

அடுத்த வாரமே காரின் மேல் கட்டிக்கொண்டுவந்து இறக்கினான். புதுப்பெண் மாதிரி மின்னியது. பல்சக்கரத்தில் முகம் பார்க்கலாம். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. என் மனைவி ராஜி ஆரத்தித் தட்டு எடுக்காத குறை.

விடிந்ததும் கிளம்பிவிட்டேன். வீட்டிலிருந்து குன்று வரைக்கும் ஏற்றமும் சமதளமும்தான். தெருவில் பிரேக் பிடிக்க வேண்டி வந்தால் இரண்டு கையாலும் சேர்த்து லேசாகப் பிடிப்பேன். அப்படிப் பிடிக்கும்போது எது எந்தச் சக்கரம் என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உச்சிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். விராலிச் செடி மேல் பனி இருந்தது. மலைக்கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் இங்கே வரைக்கும் கேட்டது. மகன் கொடுத்த பரிசு என்று மனசு நிறைந்திருந்தது.

கழுதை முதுகில் இறங்கினேன். வலது ஆள்காட்டி விரலால் பிரேக்கை இழுத்தேன். அப்புறம் நடந்ததைத்தான் மேலே எழுதிவிட்டேன்.

வயசாயிடுச்சு

தோள்பட்டையில் தகடு வைத்தார்கள். டாக்டர் சின்னப் பையன். "சார், இந்த வயசுல ரிஃப்ளெக்ஸ் கொறையும். மூளை ஒண்ணு சொல்லும், கை வேற ஒண்ணு செய்யும். இது சகஜம்" என்றான். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். பிரபு மட்டும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு வயதாகிவிட்டதே என்று வருத்தப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. "வயசாயிடுச்சுல்ல, போதும் சார்." "வயசாயிடுச்சு, இனிமேங்காட்டி எதுக்கு?" சொந்தக்காரர் ஒருவர், "சாவறதுக்குன்னே வாங்கினு வந்தியா அந்தச் சைக்கிள?" என்று ஆப்பிளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆப்பிளாலேயே அடித்திருப்பேன். கையைத் தூக்க முடியவில்லை.

கோபம் கொஞ்ச நாள்தான். அப்புறம் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? வலது கை பிடித்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், முன் சக்கரம்தான் நின்றது என்பதும் நிச்சயம். அப்படியானால் நான் வலது என்று நினைத்தது இடது. அதாவது மூளையும் கையும் பிரிந்துவிட்டன. டாக்டர் சொன்னது சரி.

அந்த எண்ணம் வந்த பிறகு மனுஷன் எப்படி ஆகிறான் தெரியுமா? டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தேன். ஸ்கூட்டர் சாவியை நானே கொண்டுபோய் ராஜி கையில் கொடுத்தேன். ஹாலில் டியூப் லைட் மினுக் மினுக் என்றது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஸ்விட்சை அணைத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன், அணைத்திருந்தது. மறுபடி ஏறினேன். மறுபடி சந்தேகம். கடைசியில் பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மலையடிவாரம் முழுக்க வெளிச்சம் கொடுத்தவன் வீட்டில், டியூப் லைட் மாட்ட ஆள் வந்தது. அவன் போன பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ராஜி பக்கத்திலேயே இருந்தாள். என் மாமன் மகள்தான் அவள். பாவாடை கட்டின வயதிலிருந்து 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள், கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். சோறு பிசைந்து கொடுத்தாள். "வுடு பாவா, நீ செஞ்ச வேலைக்கு இன்னும் ஏழு ஜென்மம் ஒக்காந்து சாப்பிடலாம்" என்பாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பணிவிடை செய்வதில் அவளுக்கு ஒரு நிறைவு என்று எடுத்துக்கொண்டேன்.

மாதா மாதம் கிருத்திகை அன்று மலைக்கோயில் படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். திருத்தணிப் பெண்களுக்கு அது வழக்கம். ஒவ்வொரு படியாகக் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டே ஏறுவாள். முழங்கால் வலியோடு. நான் பின்னாலேயே தட்டை ஏந்திக்கொண்டு போவேன், இரண்டு கையாலும். எனக்காக இவள் இப்படிக் குனிகிறாளே என்று அவள்மேல் பாசமும், என்மேல் வெறுப்புமாக இருக்கும்.

சைக்கிள் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அரக்கோணத்திலிருந்து வந்தவர்

"வித்துடலாம் நைனா, சொம்மா துருப்புடிச்சிகினு கெடக்குது" என்றான் பிரபு. நான் சரி என்றேன். போனில் ஏதோ விளம்பரம் போட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ரயில்வேயில் வேலை. சென்னையிலிருந்து கேமராவைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து "ஹாய் அங்கிள்" என்கிற சைக்கிள் கூட்டம் மாதிரி இல்லை. மரியாதையானவர். வண்டியைத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே ஓட்டத் தெரிந்தவர் என்று தெரிந்தது.

கொடுப்பதுதான் கொடுக்கிறோம், அவரும் விழுந்து தொலைக்கக் கூடாதே என்று, "சார், ஒரு விசயம். இது வெளிநாட்டு வண்டி. எடது கை முன் பிரேக்கு, வலது கை பின் பிரேக்கு. நம்ம ஊருக்கு உல்ட்டா. பழகுற வரைக்கும் எறக்கத்துல போவாதீங்க" என்றேன்.

"ஆங், சரிங்க" என்று தெருக்கோடி வரை ஓட்டிப்போனார். அங்கே ஒரு தடவை நிறுத்தினார். திரும்பி வரும் வழியில் இன்னொரு தடவை நிறுத்தினார். குனிந்து கேபிளைப் பார்த்தார்.

"இல்லீங்க சார், வலதுதான் முன்னு. நம்ம ஊர் மாதிரிதான் இருக்குது" என்றார்.

"இல்லங்க. நான் பத்து வருசமா ஓட்றேன்."

"நீங்களே பாருங்களேன்."

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டார். நான் வலது கைப் பிடியை அழுத்தினேன். சக்கரம் நின்றது. விட்டேன். மறுபடி சுற்றினார். மறுபடி அழுத்தினேன். நின்றது.

"யாரோ கேபிள மாத்திப் போட்டிருக்காங்க சார். சர்வீஸ்ல குடுத்தீங்களா? அவங்க தப்பா இருக்குதுன்னு நெனச்சு சரி பண்ணியிருப்பாங்க. எனக்கு நல்லதாப் போச்சு" என்று சிரித்தார்.

கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பயந்துபோய், "சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

"வண்டி குடுக்கறதா இல்லீங்க" என்றேன். "மன்னிச்சிக்கோங்க. டீ சாப்ட்டுப் போங்க."

டீ குடிக்காமல் போய்விட்டார். அவரை அலையவிட்டதற்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷம், என் மகன் பிறந்த அன்றைக்கு வந்ததைவிடப் பெரிது. என் கை தப்புச் செய்யவில்லை. பிடிக்க வேண்டியதைத்தான் பிடித்தது. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தேன்.

போனில்

பிரபுவுக்குப் போன் போட்டேன். தெரியாமல் நடந்தது, பாவம், சொன்னால் துடித்துப்போவான், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போட்டேன்.

"பிரபு, அந்தக் கடக்காரன் பிரேக்க மாத்திட்டாண்டா. அதனாலதான் நான் வுழுந்தேன்" என்றேன்.

அவன் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா சொல்லிட்டாங்களா, நைனா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதே கடைக்காரர் சொல்லியிருக்கிறார்: "பிரேக் மாறி இருந்துச்சு, சரி பண்ணிட்டோம், அப்பாகிட்ட சொல்லிடுங்க." இவன் வரும் வழியில் மறந்துவிட்டான். நான் கன்னியப்பனிடம் சொன்னதை ஆஸ்பத்திரியில் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறான்.

"உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன் நைனா. அம்மாதான் வேணாம்னாங்க. அப்பால யோசிச்சா அதுவும் நல்லதுன்னு தோணுச்சு. சொன்னா மறுபடி ஏறிடுவீங்க."

மறந்தது தப்பே இல்லை. யாருக்கும் மறக்கும். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ராஜி சொன்னது

பின்கட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன்.

"பிரேக்கு மாத்தினது உனக்குத் தெரியுமா?"

நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"ஆங். தெரியும்."

"நான் டீ கிளாஸ ரெண்டு கையால புடிச்சேனே, பாத்துகினுதானே இருந்த?"

"பாத்துகினுதான் இருந்தேன்."

"டியூப் லைட் மாட்ட ஆள் கூப்ட்டேனே, அப்பகூட உனக்கு வாய் தொறக்கணும்னு தோணலியா?"

"தோணுச்சு பாவா. பாத்ரூம்ல நீ அழுத அன்னிக்குக் கதவு வரைக்கும் வந்தேன். அப்பால திரும்பிட்டேன்."

கடலையை உரிப்பதை அவள் நிறுத்தவில்லை. விரல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது.

"அப்ப அந்தப் படி பூசை?"

"உன் தோளு சரியாவணும்னு வேண்டிகினேன். நீ மறுபடி அந்தச் சைக்கிள்ல ஏறக்கூடாதுன்னும் வேண்டிகினேன். ரெண்டும்தான்."

தட்டை நான் ஏந்தியிருக்கிறேன். என்னை வீட்டில் கட்டிப்போடச் சொல்லி இவள் முருகனிடம் மனுப் போட, மஞ்சளையும் குங்குமத்தையும் நான் எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சிரிப்புதான் வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"என் கைய வெட்டிப் போட்டிருந்தாகூட இவ்ளோ வலிச்சிருக்காது ராஜி. என்னக் கெழவனாக்கிட்ட. பைத்தியமாக்கிட்ட."

அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கம்பம் ஏறிகினு இருந்த வரைக்கும், மழ பேஞ்சா வாசக்கதவாண்டயே ஒக்காந்திருப்பேன். வாசல்ல யார் செருப்பு சத்தம் கேட்டாலும், நீ போயிட்டன்னு சொல்லத்தான் வராங்கன்னு நெனப்பேன். ஒங்கூட ஏறினானே ஒருத்தன், அவன் சம்சாரத்துக்குப் பொட்டழிச்சப்போ நான் கூடவே ஒக்காந்திருந்தேன். ரிட்டையர் ஆயிட்டா தீந்துச்சுன்னு இருந்தேன். அதுக்கு முன்னாலயே நீ சைக்கிளத் தூக்கிகினு மலைக்குப் போவ ஆரம்பிச்ச. எப்ப வருவ, எப்ப வருவன்னு கேட்டுக் கேட்டே என் காலம் போச்சு. நீ வுழுந்த அப்பாலதான் பாவா நான் தூங்கினேன். கல்யாணம் கட்டினு வந்ததுலேர்ந்து அப்படித் தூங்கினதே கெடையாது. நீ அழுதது எனக்குத் தெரியும். ஆனா நீ வூட்ல இருந்து அழுத."

முறத்தை எட்டி உதைத்துவிட்டு வெளியே வந்தேன். கடலை வாசல் வரைக்கும் சிதறியது.

இப்போது

திருகு கழற்றும் அலன் கீயை எடுத்து அன்றைக்கே கேபிளை மாற்றினேன். இடது முன், வலது பின். தோள் முழுசாகத் தூக்கவில்லை என்பதால் நேரம் பிடித்தது. ஆனால் ஒரு திருகுகூடக் கைதவறி விழவில்லை. ஹாலில் அடுத்த தடவை டியூப் லைட் போனபோது நானே மாட்டினேன்.

ராஜியையும் பிரபுவையும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. அவர்கள் என்மேல் வைத்த பிரியத்தில்தான் அப்படிச் செய்தார்கள் என்று எனக்கே தெரியும், தெரிந்தும் முடியவில்லை. விழுந்ததை மன்னிக்கலாம், உடைந்ததை மன்னிக்கலாம். என் கையை நானே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்த மாதங்களை யார் எனக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்? பிரபு போன் செய்தால் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவ்வளவுதான்.

ராஜியோடு பேச்சு நிற்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி நிறுத்துவது? பால் வந்ததா, கேஸ் புக் பண்ணியாச்சா, எல்லாம் உண்டு. கிருத்திகைக்கு அவள் மலைக்குப் போவதில்லை. நான் கேட்கவும் இல்லை.

தோள் தேறியதும் மறுபடி குன்றுக்குக் கிளம்பினேன். காலை நேரம். சைக்கிளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் குழாயடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கேட்கிற கேள்விக்காக ஹெல்மெட் வாரை மாட்டுகிற சாக்கில் நின்றேன். அவள் குடத்தைக் கவிழ்த்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

கடைசியில் நானேதான் சொன்னேன். "ஒம்பது மணிக்குள்ள வந்துடுவேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் கேக்கலியே" என்றாள்.